கைட் சண்டித்தனம் செய்கிறதா? அறிகுறியை வைத்துப் பழுது பார்க்க

பாம்பன் தீவில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் என் வீட்டுத் திண்ணையில் கைட்டுகள், அதாவது பலகையில் நிற்பவரைக் கடலில் இழுத்துப்போகும் காற்றடைத்த பெரிய பட்டங்கள், குவிய ஆரம்பிக்கும். கொண்டுவருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "அண்ணே, காத்து நிக்க மாட்டேங்குது." வருவதில் பாதிக்கு ஓட்டையே இருக்காது. வால்வு மூடியில் மணல், தளர்ந்த குழாய், அல்லது வெறும் வெயில். ஆனால் அதற்குள் வெல்க்ரோவைப் பிய்த்து, உள்ளே காற்றைப் பிடித்து வைக்கும் பிளாடர் பையை உருவி, திரும்பப் போடத் தெரியாமல் சாக்கில் திணித்து எடுத்துவந்திருப்பார்கள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாத காரணம் முதலில் வரும், காசு பிடுங்கும் காரணம் கடைசியில் வரும். வரிசையைத் தாண்டிப் போகாதீர்கள்.

கையில் வேண்டியவை: பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ், மார்க்கர் பேனா, மருந்துக்கடை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், முகப் பவுடர், கெட்டியான நைலான் நூல் 15 மீட்டர், டிபியு என்கிற நெகிழ் பிளாஸ்டிக்கால் ஆன பிளாடருக்கான ஒட்டுத் துண்டுகள், கைட் துணியை ஒட்டும் ரிப்ஸ்டாப் டேப். கடைசி இரண்டும் நம் ஊர்க் கடைகளில் கிடைக்காது. சீசனுக்கு முன்பே வரவழைத்து வையுங்கள்.

அறிகுறி 1: அடித்த காற்று மெல்ல மெல்ல இறங்குகிறது

*தண்ணீரில் இறங்கிய பத்து நிமிடத்தில் தளர்ந்து, அப்புறம் அப்படியே நிற்கிறதா?*

இது கசிவே இல்லை. உச்சி வெயிலில் சுடுமணலில் வைத்துப் பம்ப் அடித்தால் உள்ளே இருக்கும் காற்று கொதித்துப் போயிருக்கும். கடலில் விழுந்து ஆறியதும் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். கரைக்கு வந்து நாலு அடி கூட அடித்தால் வேலை முடிந்தது. இதுவே தலைகீழாகவும் நடக்கும். விடிகாலையில் 7 பிஎஸ்ஐ அடித்துவிட்டு டீ குடிக்கப் போய், கைட்டை ஒன்பது மணி வெயிலில் கிடத்தினால் அதே காற்று 9 வரை ஏறும். பல பிளாடர்களின் வால்வு ஒட்டு விடுவது அந்த டீ நேரத்தில்தான். நிழல் இல்லையென்றால் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டுப் போங்கள்.

எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது கைட்டின் முன்விளிம்புக் குழலான லீடிங் எட்ஜிலேயே அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 6 முதல் 8 பிஎஸ்ஐக்குள் இருக்கும். சின்ன கைட்டுக்குக் கூடுதல், பெரியதற்குக் குறைவு. பம்பில் இருக்கும் மீட்டரை முழுசாக நம்பாதீர்கள். உப்பு ஏறினால் முள் பொய் சொல்லும். லீடிங் எட்ஜை விரலால் சுண்டினால் நல்ல இளநீரைத் தட்டியது மாதிரி 'டொக்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்று கேட்டால் இன்னும் அடிக்க வேண்டும்.

*ஆறிய பிறகும் இறங்கிக்கொண்டே இருக்கிறதா?*

முதலில் கைட்டின் எந்தக் காற்றறையில் கசிவு என்று பிரித்துப் பாருங்கள். கைட்டுக்கு முழுக் காற்று அடித்து, லீடிங் எட்ஜிலிருந்து ஸ்ட்ரட்டுகளுக்கு, அதாவது குறுக்கே நிற்கும் காற்றுக் குழல்களுக்கு, போகும் சிறு குழாய்களின் கிளிப்புகளை எல்லாம் மூடிவிட்டு, வீட்டுக்குள் ஒரு ராத்திரி வையுங்கள். கிளிப் திறந்திருந்தால் ஓர் இடத்துக் கசிவு எல்லா அறையையும் சேர்த்துத் தளர்த்திவிடும், ஒன்றும் பிடிபடாது. காலையில் எது தொய்ந்திருக்கிறதோ அதுதான் நோயாளி. மற்றவற்றைத் தொடாதீர்கள்.

அப்புறம் இந்த வரிசையில் பாருங்கள்.

வால்வு மூடி. காற்றை இறக்கும் பெரிய வால்வின் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துணுக்கு போதும், ஒரு மணி நேரத்தில் கைட் படுத்துவிடும். டூத் பிரஷும் நல்ல தண்ணீரும் வைத்துக் கழுவி, மூடி, மேலே சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை பூத்தால் வளையத்தை மாற்றுங்கள்.

குழாய் இணைப்பு. ஸ்ட்ரட் குழாய்கள் பிளாஸ்டிக் மூக்கில் செருகி, கேபிள் டை போட்டு இறுக்கியிருக்கும். வெயிலில் கேபிள் டை வெடித்துப் போகும், அல்லது குழாய் விறைத்து மூக்கை விட்டு நகரும். சோப்பு தடவினால் தெரிந்துவிடும். புதுக் கேபிள் டை போட்டதும் வெட்டிய முனையை நகவெட்டியால் தேய்த்து மழுக்குங்கள். அந்த முனையே பிளாடரைக் குத்திய கதைகள் என் திண்ணையில் உண்டு.

வால்வின் அடி. வால்வைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, துணிக்கும் வால்வுக்கும் இடையில் சோப்புத் தண்ணீரைச் சொட்ட விடுங்கள். உள்ளிருந்து குமிழ் வந்தால் வால்வு பிளாடரிலிருந்து பெயர்கிறது என்று அர்த்தம். நம் வெயிலுக்கு இது சகஜம். புது ஒட்டு வால்வு வாங்கிப் போடலாம். பழைய பசையை நூல் அளவும் விடாமல் எடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, ஒட்டி, கரண்டியின் முதுகால் ஓரமெல்லாம் அழுத்தித் தேய்த்து, மேலே அம்மிக்குழவியை வைத்து 24 மணி நேரம் விடுங்கள். "நாளைக்குக் காத்து நல்லா இருக்கும்ணே" என்று ஆறு மணி நேரத்தில் எடுத்துப்போனவர் மறுநாளே திரும்பி வந்தார்.

இவை மூன்றும் சரியாக இருந்தால்தான் பிளாடரைத் திறக்க வேண்டும்.

*பிளாடரை எடுத்துப் பார்ப்பது*

காற்றை முழுசாக இறக்குங்கள். குழாய்களைக் கழற்றி வால்வுகளை உள்ளே தள்ளுங்கள். கைட்டின் இரு நுனிகளையும் நடுவில் உள்ள வாயையும் திறந்தபின், பிளாடரின் இரண்டு நுனியிலும் நைலான் நூலைக் கட்டுங்கள். இந்த நூலை மறந்தவர்கள்தான் சாக்கில் போட்டு எடுத்துவருகிறவர்கள். நடு வாய் வழியாகப் பிளாடரை உருவும்போது நூல் உள்ளே ஓடிப்போய்த் தங்கும். திரும்பிப் போக அதுதான் வழி.

வெளியே எடுத்த பிளாடருக்கு உருவம் பிடிக்கும் அளவு மட்டும் காற்று ஊதுங்கள். துணி உறை இல்லாத பிளாடர் பலூன்தான், அழுத்தினால் உப்பி வீணாகும். மின்விசிறியை அணைத்துவிட்டு, கதவைச் சாத்தி, அன்னக்கூடை நிறையத் தண்ணீர் வைத்து முழம் முழமாக முக்கிப் பாருங்கள். குமிழ் வரும் இடத்தைத் துடைத்து, மார்க்கரால் பெரிய வட்டம் போடுங்கள். ஓட்டையின் மேலேயே புள்ளி வைத்தால் மையில் ஒட்டு பிடிக்காது. ஒன்றைக் கண்டதும் நிறுத்தாதீர்கள். முள் ஒரு பக்கம் நுழைந்தால் மறு பக்கமும் துளைத்திருக்கும். மடித்து வைத்திருந்தபோது குத்தியிருந்தால் நாலு ஓட்டை.

ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் டிபியு ஒட்டை வைத்து நகத்தால் தேய்த்து விடுங்கள். சைக்கிள் பஞ்சர் கடைக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அங்கே இருக்கும் சொல்யூஷன் ரப்பர் டியூபுக்கானது, டிபியுவில் பிடிக்காது. நானே முதல் சீசனில் போனேன். கடைக்காரர் பாசத்தோடு அரம் வைத்து நன்றாக உரசி ஒட்டிக் கொடுத்தார். மறுநாள் ஒட்டு புண்ணின் பொருக்கு மாதிரி உதிர்ந்தது, உரசிய இடத்தில் புதிதாக மூன்று கசிவு. உடனே ஒட்டும் சூப்பர் பசையும் ஆகாது. காய்ந்ததும் விறைத்து, மடிப்பில் வெடிக்கும்.

இப்போது முக்கியமான வேலை. ஓட்டை ஏன் விழுந்தது? பிளாடரில் இருக்கும் வட்டத்துக்கு நேராக லீடிங் எட்ஜின் துணியை உள்ளும் புறமும் தடவிப் பாருங்கள். ஒரு 9 மீட்டர் கைட்டுக்கு ஒரே இடத்தில் மூன்று முறை ஒட்டுப் போட்டேன். மூன்று முறையும் இரண்டு நாள்தான் தாங்கியது. நாலாவது தடவை துணியைப் புரட்டி வெயிலுக்கு நேராகப் பிடித்தபோதுதான் நெருஞ்சி முள்ளின் நுனி தெரிந்தது. அரிசிக் குருணையில் பாதி கூட இருக்காது. டேக்ரான் நெசவுக்குள் புதைந்து, காற்று அடிக்கும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறது. புருவம் பிடுங்கும் இடுக்கியால் எடுத்தேன். அந்த ஒட்டு இன்றுவரை நிற்கிறது.

இந்தக் கரையில் முள்ளுக்குப் பஞ்சமில்லை. சீமைக்கருவேலம், உடைமரம், நெருஞ்சி. தனுஷ்கோடி மணல்மேட்டில் இராவணன் மீசைப் புல். கைட்டை எங்கே விரிக்கிறோம் என்று காலால் ஒருமுறை கூட்டிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

திரும்பப் போடும்போது பிளாடர் முழுதும் பவுடர் தூவி, நூலைப் பிடித்து இரு நுனிக்கும் இழுங்கள். முறுக்கு விழாமல், வால்வுகள் அந்தந்தத் துளைக்கு நேராக வர வேண்டும். முதலில் பாதிக் காற்று, தடவிப் பார்த்து நீவி விடுதல், இறக்குதல், அப்புறம்தான் முழுக் காற்று.

*எங்கே நிறுத்த வேண்டும்?* ஓட்டை பிளாடரின் வெல்டிங் தையலில் இருந்தாலோ, கைக்கட்டை விரல் நீளத்துக்கு மேல் கிழிந்திருந்தாலோ, பிளாடர் முழுதும் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலோ ஒட்டுப் போட்டுப் பயனில்லை. புது பிளாடர் வாங்குங்கள். அதுவரை "சும்மா கரையோரமா ஓட்டிக்கிறேன்" என்று கிளம்பாதீர்கள். கச்சான் அடிக்கும்போது தீவின் வடக்குப் பக்கம், அதாவது பாக் நீரிணைக் கரையில், காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். தண்ணீர் குளம் மாதிரி தட்டையாக இருக்கும், ஆசை காட்டும். அங்கே கைட் தொய்ந்து விழுந்தால் கரைக்கு ஒதுங்க மாட்டீர்கள், வெளியேதான் போவீர்கள்.

அறிகுறி 2: 'படார்' என்று ஒரே அடியில் காற்று போய்விட்டது

துணியைப் பாருங்கள். துணி நன்றாக இருந்து பிளாடர் மட்டும் வெடித்திருந்தால், பெரும்பாலும் நுனியில் மடிப்பைச் சரியாக வைக்காமல் மூடியிருப்பீர்கள், அல்லது உள்ளே முறுக்கு இருந்திருக்கும். முந்தைய பகுதியில் சொன்னபடி எடுத்துப் பாருங்கள்.

லீடிங் எட்ஜின் தையலே பிரிந்து பிளாடர் வெளியே பிதுங்கியிருந்தால் நீங்கள் செய்ய எதுவும் இல்லை. தார்ப்பாய் தைப்பவரிடம் கொடுக்கும் யோசனை எல்லோருக்கும் வரும். அவருடைய ஊசி கனமானது, தையல் நேர்கோட்டில் போகும், நூல் வெயிலுக்கு இற்றுப்போகும். இந்தத் தையலுக்கு வெயில் தாங்கும் பாலியெஸ்டர் நூலும் வளைந்து வளைந்து போகும் தையலும் வேண்டும். கைட் தைக்கிறவருக்கே அனுப்புங்கள். அனுப்புமுன் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவையுங்கள். மணலோடு வந்த கைட்டை யாரும் மெஷினில் ஏற்ற மாட்டார்கள்.

அறிகுறி 3: கைட் ஒரு பக்கமாகவே இழுக்கிறது

கரையிலேயே ஐந்து விஷயம் பாருங்கள். கையில் பிடிக்கும் பாரிலிருந்து (கம்பி) கைட்டுக்குப் போகும் லைன்களில் (கயிறுகள்) பின் லைன்கள் இரண்டும் ஒரே முடிச்சில் மாட்டியிருக்கின்றனவா? ஒன்று முதல் முடிச்சிலும் இன்னொன்று இரண்டாம் முடிச்சிலும் இருந்தால் கைட் அப்படித்தான் போகும். ஒரு பக்கத்து ஸ்ட்ரட்டின் கிளிப் மூடியே இருந்து, அது மட்டும் காற்றில்லாமல் கிடக்கிறதா? லீடிங் எட்ஜில் கட்டிய பிரைடில் கயிறு ஏதாவது நுனியில் சுற்றிக்கொண்டிருக்கிறதா? பிரைடில் கப்பி உப்பு பிடித்து உருளாமல் நிற்கிறதா? கப்பியில் ஓடும் கயிறு நைந்திருக்கிறதா?

எல்லாம் சரி என்றால் லைன்களை அளக்க வேண்டும். தென்னையில் ஓர் ஆணி அடித்து நாலு லைனின் முனையையும் அதில் மாட்டுங்கள். முன் லைன்களின் நீளத்தைச் சரிசெய்யும் டிரிம்மை முழுசாக விட்டு, பாரைச் சிக்கன் லூப் (இடுப்புக் கொக்கியில் மாட்டும் வளையம்) வரை இறக்கிப் பிடித்து, உடம்பைச் சாய்த்து இழுங்கள். நாலும் ஒரே விறைப்பில் இருந்து பார் நேராக நிற்க வேண்டும். விரற்கடை வித்தியாசத்தை விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் பாரின் மிதவைக்கு உள்ளே இருக்கும் முடிச்சை மாற்றிச் சரிசெய்யலாம்.

லைனில் தானாக விழுந்த முடிச்சு இருந்தால் அப்படியே ஓட்டாதீர்கள். முடிச்சு விழுந்த இடத்தில் லைனின் பலம் பெருமளவு குறைந்துவிடும். இரண்டு தையல் ஊசியை வைத்துப் பொறுமையாகப் பிரியுங்கள். பிரித்த இடம் பஞ்சாகப் பூத்திருந்தால் அந்த லைனை மாற்றியாக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றாமல் ஜோடியாக மாற்றுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரம் மறுபடி ஆணி அடிக்க வேண்டிவரும்.

துணி ஒரு பக்கம் இளகிப்போனதால் இழுக்கிறது என்றால் அதற்கு மருந்து கிடையாது. கைட்டுக்கு வயதாகிவிட்டது.

அறிகுறி 4: மேலே போனதும் பின்வாங்கிப் பின்னாலேயே விழுகிறது

முக்கால்வாசிப் பேர் காற்று குறைவு என்று நினைத்துப் பாரை இன்னும் இழுப்பார்கள். அதனால் இன்னும் விழும். முதலில் பாரை விடுங்கள். விட்டதும் எழுந்து நின்றால் கைட்டில் குறையில்லை, உங்கள் கைதான். விட்டும் விழுந்தால் டிரிம்மைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். அப்போது சரியானால் முன் லைன்கள் நீண்டிருக்கின்றன. பாரம் முழுக்க அவற்றின் மேல்தான் என்பதால் பழசாகப் பழசாக நீளும். ஆணிச் சோதனையைச் செய்து, பின் லைன்கள் நீளும்படி முடிச்சை மாற்றுங்கள். முடிச்சே மிச்சமில்லை என்றால் புது லைன் செட்.

அறிகுறி 5: தண்ணீரில் விழுந்தால் எழ மறுக்கிறது

காற்று போதாமை, தளர்ந்த லீடிங் எட்ஜ், சுற்றிய லைன். இந்த மூன்றுதான். நம் கரையில் நாலாவதும் உண்டு: கடல்பாசி. நுனியிலும் லைனிலும் பாசி அப்பினால் கைட் குளித்த எருமை மாதிரி கிடக்கும். லைனை உதறிப் பாருங்கள். ஆழமில்லாத இடம் என்றால் நடந்துபோய் எடுத்துவிடலாம். கீழே சிப்பியும் கடல் முள்ளெலியும் கிடக்கும், செருப்பில்லாமல் போகாதீர்கள்.

அறிகுறி 6: துணி கிழிந்துவிட்டது

ஐந்து சென்டிமீட்டருக்குள், தையலைத் தொடாமல் இருந்தால் நீங்களே ஒட்டலாம். உப்புப் போகக் கழுவி, காய்ந்ததும் ஆல்கஹாலால் துடைத்து, ரிப்ஸ்டாப் டேப்பை மூலை உருட்டி வெட்டி, இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். மூலை கூராக இருந்தால் அங்கிருந்தே உரியத் தொடங்கும். ஒட்டும்போது துணியை மேசையில் சமமாகப் பரப்புங்கள், சுருக்கம் விழுந்தால் பறக்கும்போது அந்த இடம் படபடக்கும்.

பனை மட்டையின் கருக்கில் மாட்டிய கிழிசல் வேறு ரகம். ரம்பப் பல் மாதிரி இழுத்திருக்கும், ஒரு கிழிசலுக்குப் பக்கத்தில் பத்துச் சின்னக் கிழிசல் இருக்கும். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் எண்ணிய பிறகு டேப்பை வெட்டுங்கள். தையலைத் தாண்டிய கிழிசல், கைட்டின் பின்விளிம்பு வரை போன கிழிசல், முழ நீளக் கிழிசல் எல்லாம் தைப்பவரின் வேலை. துணியை விரலால் கிள்ளி இழுத்ததும் காகிதம் போலக் கிழிந்தால் தைக்கவும் கொடுக்காதீர்கள். நூல் நிற்கும், துணி நிற்காது.

அறிகுறி 7: ரிலீஸ் இறுகியிருக்கிறது, அல்லது தள்ளினால் விடவில்லை

ஆபத்தில் கைட்டை உங்களிடமிருந்து விடுவிக்கும் பாகம் இந்த ரிலீஸ். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பத்துத் தடவை தள்ளி மாட்டி, மணலை வெளியேற்றுங்கள். ஹார்னஸை (இடுப்புப் பட்டை) மாட்டி, பாரத்தோடும் பாரமில்லாமலும் சோதியுங்கள். தேங்காய் எண்ணெய், கிரீஸ் எதுவும் விடாதீர்கள். அன்றைக்கு வழுக்கும், மறுநாள் மணலை எல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். கழுவிய பிறகும் தயங்கினால் பிரித்துப் பார்க்காமல் அந்தப் பாகத்தை முழுசாக மாற்றுங்கள். ரிலீஸுக்கான ஐஎஸ்ஓ 21853 தரம் 2020-இல் வந்தது. அதற்கு முந்தைய பழைய பார் என்றால் பழுதுக்குச் செலவழிக்கும் காசைப் புதுப் பாருக்குச் சேர்த்து வையுங்கள்.

லைன் முறுக்கைப் பிரிக்கும் சுழல் இறுகியிருந்தால் அதுவும் தண்ணீர் வைத்தியம்தான். பாரின் நடுவில் ஓடும், கைட்டின் இழுவையைக் குறைக்க உதவும் டிபவர் கயிற்றின் உறை கிழிந்து உள்நூல் தெரிந்தால் அன்றைக்கு ஓட்டக் கூடாது.

அறிகுறி 8: போர்டு கனக்கிறது

கைட் போர்டைவிட ஸ்கிம்போர்டில்தான் இது அதிகம். அலை வடியும் ஈர மணலில் ஓடுவதால் ஓரம் உரசி உரசித் திறந்துகொள்ளும். அரிச்சல்முனைப் பக்கம் பையன்கள் வைத்திருப்பது பெரும்பாலும் பிளைவுட் போர்டு. ஓரத்தில் வார்னிஷ் போனதும் தண்ணீர் குடித்து உப்பும், அடுக்கு பிரியும். நிழலில் நாலைந்து நாள் காயவைத்து, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் இரண்டு கை அடித்தால் போதும். அடுக்கு முழுதாகப் பிரிந்திருந்தால் புதுப் பலகை வாங்குவது மலிவு.

உள்ளே நுரை வைத்த போர்டு என்றால் விரிசலைச் சுற்றிப் பெருவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனாலோ தண்ணீர் கசிந்தாலோ நுரை நனைந்திருக்கிறது. விரிசல் கீழ்ப்பக்கம் இருக்கும்படி சாய்த்து வைத்து வடியவிடுங்கள். ஒரு வாரம் ஆனாலும் சரி, சொட்டு நின்று உலரும்வரை ஒட்டாதீர்கள்.

பசை விஷயத்தில்தான் ஏமாறுவோம். இந்தக் கரை முழுக்க ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், கை சுத்தமானவர்கள். ஆனால் அவர்கள் கையில் இருப்பது பாலியெஸ்டர் ரெசின். உங்கள் போர்டின் உள்ளே தெர்மோகோல் வகை வெள்ளை நுரை இருந்தால் அந்த ரெசின் அதைக் கரைத்துவிடும். மேலே ஒட்டுப் பளபளவென்று இருக்கும், அடியில் குழி. "உள்ள வெள்ள நுரைண்ணே, எப்பாக்சி மட்டும்" என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். எப்பாக்சி இல்லை என்று அவர் சொன்னால் போர்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கைட் போர்டில் கால்பட்டை திருகு சுற்றிக்கொண்டே இருந்து இறுகவில்லை என்றால் திருகை மாற்றிப் பாருங்கள், துருப்பிடித்து மரை போயிருக்கலாம். புதுத் திருகும் சுற்றினால் போர்டுக்குள் புதைத்த மரை பெயர்ந்திருக்கிறது. அதைத் தோண்டி எடுத்து மறுபடி பதிக்க வேண்டும். அந்த வேலையை நான் திண்ணையில் செய்வதில்லை; போர்டு செய்கிறவரிடம்தான் அனுப்புகிறேன்.